பதினெட்டு கிராம் ஊறுகாய்

கெண்டல் மருத்துவமனை மருந்தகத்தில்
ஆளில்லாத நேரம் பார்த்து
மாத்திரைத் தராசில் நிறுத்தேன்:
விசில், ஆறு கிராம்.
திசைகாட்டி, இருபத்தொன்பது.
பிடியை அறுத்தெறிந்த பல்துலக்கி, மூன்று.
ஈயத்தாளில் மடித்த எலுமிச்சை ஊறுகாய், பதினெட்டு.

"இது எதுக்கு?" என்றாள் ஐலீன்.
முதலுதவி கட்டாயம் என்று
பட்டியலில் போட்டிருக்கிறதே, என்றேன்.

மூன்று வருடம் முன்பு
அவள் ஓட்டிய பேருந்தில் நான் பயணி.
சரிவில் சிவப்பாய் ஒரு புள்ளி
மேலே போய்க்கொண்டிருந்தது.
"ஆடா அது?"
"ஆடுன்னா நின்னு மூச்சு வாங்கும்.
அது என் தம்பி ரோலண்ட்."
அடுத்த புதன்கிழமை
என்னையும் ஏற்றிவிட்டார்கள்.

தூத்துக்குடிக்காரி நான்.
உயரம் என்று நான் பார்த்தது
உப்புக் குவியலும் துறைமுகத்துக் கிரேனும்.
மலைப்பு என்ற சொல்லுக்குள்ளேயே
ஒரு மலை இருப்பதை
முதல் ஏற்றத்தில்தான் கண்டுபிடித்தேன்,
முழங்காலில் கை ஊன்றி,
மூக்கு கிட்டத்தட்ட புல்லைத் தொட.
"யாருமே ஓடலையே?"
"ஏத்தத்துல நடப்போம். வெளியே சொல்லாதே."

இறக்கம் வேறு கதை.
பின்னால் சாயாதே, சாய்ந்தால் வழுக்கும்,
காலடியைப் பார்க்காதே, மூன்றடி தள்ளிப் பார்,
கையை விசிறு...
சொல்லிக்கொண்டே அவள் பாதி மலை இறங்கிவிட்டாள்.
நான் உட்கார்ந்து இறங்கினேன்.

முதல் பந்தயத்தில் நூற்றுப்பதினேழு பேர்.
நூற்றுப்பதினேழாவதாக வந்தேன்.
எனக்குப் பின்னால்
வழிக்கொடிகளைப் பிடுங்கியபடி ஒருவர்
அவசரமில்லாமல் சீட்டியடித்து வந்தார்.
தேநீர் மிச்சம் இருந்தது. கேக் தீர்ந்திருந்தது.
அடுத்த முறை கேக்குக்காக ஓடுவது என்று முடிவெடுத்தேன்.
அதைவிட நல்ல பயிற்சித் திட்டம்
இதுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டுமாம்.
இந்த மாரத்தானில் அதுதான் விதியே:
இருவர் இருவராய்த்தான் போக வேண்டும்.
கூடாரம், அடுப்பு, இரண்டு நாள் சாப்பாடு முதுகில்.
வரைபடம் கைக்கு வருவது
கடிகாரம் ஓடத் தொடங்கிய பிறகு.

பத்தாம் வகுப்பில் சமவுயரக் கோடுகளுக்கு
இரண்டு மதிப்பெண். மனப்பாடம் செய்து வாங்கினேன்.
அதே கோடுகளை இப்போது
தொடையால் வாசிக்கிறேன்.
நெருங்கி நின்றால் நெஞ்சடைப்பு,
விலகி நின்றால் சதுப்பு.

மூன்றாவது சாவடிக்கு முன்
மேகம் இறங்கிவிட்டது.
முன்னால் நாலு முதுகுகள் போயின,
சந்தேகமே இல்லாத முதுகுகள்.
நம்பிப் பின்தொடர்ந்தோம். ஐலீன்கூட நம்பினாள்.
நாற்பது நிமிடம் கழித்து
அவை நாலு முகங்களாய்த் திரும்பி
எங்கே இருக்கிறோம் என்று
எங்களைக் கேட்டன.

வந்த வழியே திரும்புகையில்
இடது ஷூவைச் சேறு வைத்துக்கொண்டது.
தோள்வரை கைவிட்டு,
ஆட்டுக்குப் பிரசவம் பார்ப்பதுபோல்
இழுத்தெடுத்தேன்.

ராத்திரி.
வெங்காயத்தோல் கூடாரம்,
மழை நேராகக் காதுக்குள் பெய்தது.
நூடுல்ஸுக்கு ஊறுகாய், ஆளுக்கு ஒன்பது கிராம்.
ஐலீனுக்குக் கண்ணில் நீர்.
"காரமா?"
"இல்லை" என்றாள். அப்புறம், "ஆமாம்."
ரோலண்டைப் பற்றி நாங்கள் பேசவில்லை.
அந்த இருபத்தொன்பது கிராம்
அவனுடைய திசைகாட்டி.
துடைத்து, தன் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு
தூங்கிப்போனாள்.

மறுநாள் கடைசிச் சாவடி மூடி
நாலு நிமிடம் ஆகியிருந்தது.
பட்டியலில் எங்கள் பெயருக்கு நேரே
நேரம் இல்லை, ஒரு சின்னக் கோடு.
இந்த முறை கேக் இருந்தது.

திங்கட்கிழமை, மருந்தக மாடிப்படி.
கைப்பிடியைப் பற்றிக்கொண்டு
பின்புறமாய் இறங்குகிறேன்.
புது முழங்கால் மூட்டோடு ஏறிவந்த ஒருவர்
ஊன்றுகோலை மாற்றிப் பிடித்து வழிவிட்டார்.
என்ன ஆச்சு என்று கேட்கவில்லை.
"எந்த மலை?" என்றார்.